மலிவு கிட்டாரின் பெயின்ட்டை உரித்தால் சவுண்டு மாறுமா?

நவம்பர் 9, கேள்வி

அண்ணா, ஸ்ட்ராட் மாடல் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம்) எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வைத்திருக்கிறேன். எட்டாயிரத்துக்கு வாங்கியது, கறுப்பு. மேலே பிளாஸ்டிக் மாதிரி தடித்த பெயின்ட். சவுண்டு அடைத்துக்கொண்டு வருகிறது. அந்தப் பெயின்ட்தான் மரத்தை அதிரவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது, உரித்துவிட்டு நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர்) அடித்தால் மரம் மூச்சுவிடும், சவுண்டு திறக்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். வீட்டிலேயே செய்யலாமா? கம்பியின் ஆட்டத்தை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பையும் மாற்றலாம் என்று இருக்கிறேன். எதை முதலில் செய்வது?

நவம்பர் 9, இரவு

மரம் மூச்சுவிடாது, தம்பி. அறுத்து, சூளையில் காயவைத்து, துண்டு துண்டாக ஒட்டிய அன்றோடு அதன் மூச்சு நின்றுவிட்டது.

உன் கிட்டார் மேல் இருப்பது பாலியெஸ்டர். தடிமன்தான், சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட வரும். ஆனால் உன்னுடையது மாதிரி உள்ளே கூடில்லாத சாலிட் பாடி கிட்டாரில் பிக்கப் கேட்பது இரும்புக் கம்பி காந்தத்துக்கு மேலே ஆடுவதை. பாடிக்கு மேலே என்ன பூசியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அகூஸ்டிக் கிட்டாரின் மெல்லிய மேல்பலகை என்றால் கதை வேறு, அங்கே பூச்சின் கனம் காதுக்குத் தெரியும்.

அந்தக் காலத்து ஃபெண்டர் எல்லாம் நைட்ரோதானே என்பார்கள். 1954ல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் நைட்ரோதான். ஆனால் 1963 வாக்கிலேயே ஃபெண்டர் பட்டறையில் நைட்ரோவுக்கு அடியில் ஃபுல்லர்பிளாஸ்ட் என்ற கெட்டியான சீலரைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அறுபதுகளின் கடைசியில் மேல்பூச்சும் பாலியெஸ்டர் ஆனது. லட்சக்கணக்கில் விலைபோகும் பழைய கிட்டார்களிலும் மரம் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

உரிக்காதே. முதலில் ஒன்று சொல், கிட்டாரை எதில் சொருகி வாசிக்கிறாய்?

நவம்பர் 10

"ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் ஓட்டையில், ஒரு கன்வர்ட்டர் பின் போட்டு" என்று பதில் வந்திருக்கிறது. நல்லவேளை, ஹீட் கன் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டோம்.

பாசிவ் பிக்கப், அதாவது பேட்டரி இல்லாத பிக்கப், பலவீனமான ஆள். அதற்கு எதிரே பத்து லட்சம் ஓம் போல உயர்ந்த இன்புட் வேண்டும். கிட்டார் ஆம்ப், ஆடியோ இன்டர்ஃபேஸில் "இன்ஸ்ட்ருமென்ட்" என்று போட்ட ஓட்டை எல்லாம் அப்படித்தான் இருக்கும். ஹோம் தியேட்டர், கரோக்கி பெட்டியின் ஆக்ஸ் எல்லாம் பத்தாயிரம், இருபதாயிரம் ஓம். மேல் சுரங்கள் அங்கேயே செத்துவிடும். சின்ன ப்ராக்டிஸ் ஆம்ப் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கிச் சொருகிப் பார். கேபிளும் குட்டையாக இருக்கட்டும். மீட்டருக்கு நூறு பிகோஃபாரட் வாக்கில் கெப்பாசிட்டன்ஸ் சேரும், பத்து மீட்டர் கேபிள் போட்டால் டோன் கன்ட்ரோலைக் கொஞ்சம் மூடிவைத்த மாதிரி ஆகிவிடும்.

நவம்பர் 11

ஆம்ப் மாற்றியதும் "வேறு கிட்டார் மாதிரி இருக்கு" என்கிறார். சரி. இனி எதை முதலில் செய்வது என்பதற்கு என் பதில்: நட் (கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து போகும் பள்ளங்கள் கொண்ட குட்டிப் பட்டை). அப்புறமும் நட்.

மலிவு கிட்டாரில் தொழிற்சாலை நேரம் செலவழிக்காத இடம் அதுதான். பிளாஸ்டிக் நட்டின் பள்ளத்தை ஆழம் போதாமலேயே விட்டுவிடுவார்கள். ஆழம் குறைவாக இருந்தால் கிர் சத்தம் வராது, புகாரும் வராது. ஆனால் முதல் ஃப்ரெட்டில் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) எஃப் கார்டு (பல சுரம் சேர்ந்த கூட்டு) பிடிக்க விரல் நொந்துபோகும், சுருதியும் ஏறிப்போகும். ட்யூனர் சரி என்கிறது, கார்டு மட்டும் அழுகிறது என்றால் இதுதான் காரணம். சோதிக்க, ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பார்க்க வேண்டும். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். விசிட்டிங் கார்டு நுழைந்தால் பள்ளத்தை அராவ வேண்டும்.

அதற்கும் முன்னால் நெக்கின் வளைவு. முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாவதில் பார்த்தால் கால் மில்லிமீட்டர் இடைவெளி. நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் திருப்பு திருப்பிவிட்டு, கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்து, வேண்டுமானால் இன்னொரு கால். திருகாணி முரண்டு பிடித்தால் நிறுத்திவிடு. 12வது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பியின் உயரம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். இவ்வளவுக்கும் செலவு ஒரு செட் கம்பி மட்டும்.

நவம்பர் 12

நட் அராவும் அரம் கிட்டாரைவிட விலை ஜாஸ்தி என்று ஒருவர். உண்மை. கேஸ் வெல்டிங் டார்ச்சின் ஓட்டையைச் சுத்தம் செய்யும் டிப் கிளீனர் செட் ஹார்டுவேர் கடைகளில் மிக மலிவு. வெவ்வேறு கனத்தில் குட்டி உருண்டை அரங்கள், கம்பியின் கனத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். பள்ளம் ஹெட்ஸ்டாக் (ட்யூனிங் கீ இருக்கும் தலை) பக்கம் சரிய வேண்டும். இல்லையென்றால் சிதார் மாதிரி இரையும். ஆழமாகிப்போனால் சமையல் சோடாவைப் பள்ளத்தில் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல்லாகிவிடும், மறுபடி அராவலாம்.

நவம்பர் 20

இரைச்சல் பற்றிக் கேட்டிருந்தார்கள். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, விட்டால் ஏறுகிறது, கிட்டார் பழுதா என்று. பழுதில்லை. வயரிங் சரியாக இருக்கிறது என்பதற்கே அது அடையாளம். சுற்றியுள்ள மின்புலத்தை உன் உடம்பு ஆன்டெனா மாதிரி பிடித்துப் பிக்கப்பிடம் கொடுக்கிறது. பிரிட்ஜ் வழியாகக் கம்பிகள் கிரவுண்டோடு சேர்ந்திருப்பதால், தொட்டதும் உடம்பும் கிரவுண்ட் ஆகிவிடுகிறது. தொட்டால் இரைச்சல் ஏறுகிறது என்றால்தான் கிட்டாரின் பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங் மாட்டிய தகட்டுக்கு வரும் வயர் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த இரைச்சலுக்கு எதிராகப் பள்ளங்களுக்குள் செம்புத் தாள் ஒட்டலாம். பசையும் மின்சாரம் கடத்துகிற வகையா என்று மல்டிமீட்டரில் பார்க்காமல் வாங்க வேண்டாம். கடத்தாத வகை என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு ஈயம் வைக்க வேண்டியிருக்கும்.

செம்புத் தாள் மின்புலத்தை மட்டும்தான் தடுக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் செம்பைப் பொருட்படுத்தாமல் உள்ளே வரும். அதற்கு நடு பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். ஸ்விட்சில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் 2, 4 நிலைகளில் இரைச்சல் சட்டென்று அடங்கினால் உன்னுடையதும் அந்த வகை.

எங்கள் வீட்டில் பெரிய வில்லன் ஃபேன் ரெகுலேட்டர். சுழற்றச் சுழற்றச் சீராக வேகம் மாறும் பழைய எலெக்ட்ரானிக் வகை. உள்ளே இருக்கும் ட்ரையாக் ஒவ்வொரு அலையையும் வெட்டி வெட்டி அனுப்புகிறது, கிட்டாரில் அது தேனீக்கூடு. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் சத்தம் போய்விடும். கெப்பாசிட்டர் வைத்த, டக் டக்கென்று நிலை மாறும் ரெகுலேட்டருக்கு மாறினேன். பிக்கப் மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நவம்பர் 21

நேற்றைய குறிப்புக்கு மின்வேலை தெரிந்த ஒருவர் எழுதியது நியாயம், அதை இங்கே சேர்த்தாக வேண்டும். கம்பி கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறது என்றால் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டு ப்ளக்கின் மூன்றாவது ஓட்டையில் எர்த் இல்லையென்றால், ஆம்பில் கசியும் மின்சாரம் உன் விரல் வழியாகத்தான் பூமியைத் தேடும். வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் வயர் இருக்காது. மைக்கில் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவர்களுக்கு உதட்டில் சுரீர் என்று அடிப்பது இதனால்தான். 1972ல் வேல்ஸின் ஸ்வான்சீயில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். பிளாஸ்டர் ஒட்டிய டூ-பின் பிளக்கில் ஆம்ப் ஓட்டுகிறவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள்.

டிசம்பர் 3

சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு போய்வந்தேன். வால்யூம் பாட் (கடையில் "பொட்டன்ஷியோமீட்டர்" என்றோ "கன்ட்ரோல்" என்றோ கேட்டால் போதும்) வாங்கப் போகிறவர்களுக்கு.

சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 250கே, அதாவது கிலோ ஓம், ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள்) 500கே என்பது வழக்கம். இங்கே எளிதாகக் கிடைப்பது 220கே, 470கே. தாராளமாகப் போடலாம், வித்தியாசம் காதுக்குத் தெரியாது. எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். ஏ என்றால் லாக் (காதுக்குச் சீராக ஏறி இறங்கும் வகை), பி என்றால் லீனியர் (ஓம் அளவு சீராக மாறும் வகை). பி வகையை வால்யூமுக்குப் போட்டால் பத்திலிருந்து மூன்று வரை ஒன்றும் நடக்காது, அப்புறம் தொபுக்கடீர் என்று விழும்.

தண்டின் பல்லையும் எண்ண வேண்டும். ஆசியப் பாட்களில் 18 பல், அமெரிக்க வகையில் 24 பல். இதன் நாப் அதில் ஏறாது. ஏறாததைச் சுத்தியால் தட்டி ஏற்றினால் பாட்டின் வயிறு பிதுங்கிவிடும். பழைய நாப்களையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.

டோன் கெப்பாசிட்டருக்கு 473 என்று போட்ட பச்சை நிற மைலர், அதாவது 0.047 மைக்ரோஃபாரட். சில ரூபாய். இதையே ஆரஞ்சு நிறத்தில், பழைய காலத்து வடிவத்தில், நூறு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அளவு ஒன்றானால் சத்தமும் ஒன்றுதான். 223 போட்டால் டோனை மூடும்போது அவ்வளவாக மங்காது, எனக்கு அதுதான் பிடிக்கிறது. ஃபேன் கெப்பாசிட்டர் போடலாமா என்று கேட்டவரை வாழ்த்துகிறேன்.

டிசம்பர் 14

கிட்டாரை உரிக்கப் போகிறேன்.

சிரியுங்கள். நவம்பர் 9 இரவு நான் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டார் ஒருவர். அதில் ஒரு சொல்லையும் வாபஸ் வாங்கவில்லை. சவுண்டுக்காக உரிக்காதே என்றேன். நான் உரிப்பது அந்தப் பளபளக் கறுப்பைப் பார்க்கச் சகிக்காமல். எனக்கு மரத்தின் ரேகை தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பழைய கிட்டார் ஒன்று, அதுவும் ஸ்ட்ராட் மாதிரிதான், அலமாரிக்கு மேலே கிடக்கிறது. விற்றால் இரண்டாயிரம் தேறாது. கெட்டாலும் போகட்டும்.

ஆனால் இப்போது இல்லை. சென்னையில் மார்கழி முடியட்டும். துவைத்த துணியே காயாத ஊரில் லேக்கர் எப்படிக் காயும்.

ஜனவரி 18

பொங்கல் முடிந்து மொட்டை மாடியில் வேலை ஆரம்பம். பெயின்ட் ரிமூவரை முதலில் ஒரு மூலையில் தடவிப் பார்த்தேன். பாலியெஸ்டர் அசையவே இல்லை, என் கையுறைதான் இளகியது. ஆகவே ஹீட் கன்.

ஒரு மூலையில் சூடு காட்டி, பூச்சு லேசாக உப்பி எழும்போது பட்டி பார்க்கும் தகட்டை நுழைத்துத் தள்ள வேண்டும். முதல் ஓட்டை விழும்வரை எரிச்சல். அப்புறம் நத்தை வேகத்தில், ஆனால் பெரிய பெரிய சில்லாக வரும். ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் கருகும். நாற்றம் பயங்கரம். முகமூடி, கண்ணாடி, திறந்தவெளி, மூன்றும் கட்டாயம். மாடியில் வற்றல் காயப் போட்டிருந்த பக்கத்து வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவர்கள் காயப்போடும் நேரம் பார்த்துத்தான் ஏறினேன்.

உள்ளே என்ன இருந்தது? மேலேயும் கீழேயும் தாள் கனத்தில் வெனீர், அதாவது ஒட்டிய மரத்தோல். அதற்கு நடுவே அகலம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து கட்டைத் துண்டுகள். பக்கவாட்டில் ஒட்டுக்கோடுகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒரு துண்டில் பெரிய முடிச்சு, அதன்மேல் பட்டி. மலிவு கிட்டாரைத் தொழிற்சாலை ஏன் கறுப்படிக்கிறது, ஏன் ஓரத்தை மட்டும் இருட்டாக்கி நடுவில் தேன் நிறம் விடும் சன்பர்ஸ்ட் அடிக்கிறது என்பதற்கு இதுதான் பதில். ஓரத்தில் இணைப்பு மறைய வேண்டும்.

உரித்தால் உள்ளே ஒரே பலகையில் தேக்கோ மஹோகனியோ இருக்கும் என்று கனவு காண்பவர்கள் முதலில் நெக்கைக் கழற்றி, அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிக்கப் பள்ளத்தின் சுவரையும் பாருங்கள். பெயின்ட் சரியாகப் படாத இடங்கள் அவை.

ஜனவரி 19

மரம் என்ன என்று கேட்டார்கள். பாஸ்வுட் என்றுதான் நினைக்கிறேன். வெளிர் நிறம், ரேகை அவ்வளவாக இல்லை, நகம் வைத்தால் பள்ளம். இதில் ரேகையைத் தேடிய என் ஆசைக்கு வெனீர்தான் ஆறுதல்.

ஜனவரி 27

பேச்சு ஃப்ரெட்போர்டு பக்கம் திரும்பிவிட்டது. திரும்பட்டும். இப்போது வரும் மலிவு கிட்டார்களில் ரோஸ்வுட்டுக்குப் பதிலாக "இந்தியன் லாரல்" என்று போடுகிறார்களே, அது என்ன அமெரிக்க மரமா என்று கேள்வி. நம் கருமருதுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில், முதலைத் தோல் மாதிரி பட்டையோடு நிற்குமே, அது. 2017 ஜனவரியில் ஈட்டி உட்பட ரோஸ்வுட் மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும், அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கொண்டுவந்தது. விற்பனைக்காக எல்லை தாண்டும் ஒவ்வொரு ரோஸ்வுட் கிட்டாருக்கும் காகிதம் வேண்டும் என்றதும் கம்பெனிகள் மாற்று மரம் தேடின. 2019 இறுதியில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது, ஆனாலும் மலிவு வரிசையில் லாரல் அப்படியே நிலைத்துவிட்டது. நல்ல மரம். கொஞ்சம் வறண்டு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மினரல் ஆயில் இரண்டு சொட்டு துணியில் விட்டுத் தேய்த்துத் துடைத்தால் நிறம் ஆழமாகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் கெட்டுப்போய்ப் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும்.

ஏசி அறையிலேயே கிடக்கும் கிட்டாரில் பலகை சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். பொடி அரத்தால் ஓரத்தை மழுக்கினால் போதும். ஸ்டீல் வுல் தேய்ப்பவர்கள் பிக்கப்பை டேப் போட்டு மூடுங்கள். காந்தம் அந்தத் தூளைப் பிடித்தால் ஜென்மத்துக்கும் விடாது.

பிப்ரவரி 8

சாயம். கடையில் விற்கும் ஸ்டெயின் எல்லாம் பாஸ்வுட்டில் திட்டுத் திட்டாக ஏறும். எனக்குக் கறுப்பு வேண்டும், ஆனால் ரேகை மறையக் கூடாது. வெளிநாட்டுக்காரர்கள் வினிகரில் இரும்பை ஊறவைத்து அந்த நீரை ஓக் மரத்தில் பூசுவார்கள். ஓக்கில் டேனின் நிறைய, இரும்போடு சேர்ந்து கறுக்கும். பாஸ்வுட்டில் டேனின் கிடையாது, வெறும் பழுப்புதான் வரும். அதனால் முதலில் டேனினைக் கொடுக்க வேண்டும். அவர்கள் கட்டன் டீ பூசுகிறார்கள்.

நமக்குக் கடுக்காய் இருக்கிறது. கலம்காரித் துணியில் கறுப்பு வருவதே இப்படித்தான்: துணியைக் கடுக்காய்ப் பாலில் நனைத்து, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்த நீரால் கோடு போடுவார்கள். காளஹஸ்தியிலும், நம் கும்பகோணத்துக்குப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இன்றைக்கும் நடக்கிற வேலை. துணியில் பிடிப்பது மரத்தில் பிடிக்காதா?

நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, கொதிக்கவைத்து வடிகட்டினேன். வினிகரில் பழைய ஆணிகளை ஒரு வாரத்துக்கு மேல் ஊறவிட்டேன். மூடியை இறுக்கக் கூடாது, வாயு கிளம்பும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் உதவாது, அது துருப்பிடிக்காத வகை. துருப்பிடிக்கிற சாதா இரும்புதான் வேண்டும்.

மரத்தை ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரை 320 உப்புத்தாளால் இழைத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீர் ஒரு பூச்சு. மஞ்சளாக நின்றது. நன்றாகக் காய்ந்தபின் இரும்புத் தண்ணீர். பிரஷ் போன வழியெல்லாம் கண்முன்னே சாம்பலாகி, கருநீலமாகி, கறுத்தது. இதற்காகவே இன்னொரு கிட்டாரை உரிக்கலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 9

காலையில் வெளிச்சத்தில் பார்த்தால் மேல்கொம்புக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைத் திட்டு. பழைய சீலர் மரத்துக்குள் ஊறி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. சாயம் அதற்குமேல் ஏறாது. தொடங்குவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கறுக்காமல் முத்து முத்தாக நிற்கிற இடம் எல்லாம் சீலர். 120 உப்புத்தாள் போட்டு எடுக்கலாம், வெனீர் கிழிகிற பயம் உண்டு. ஒன்றை எடுத்தேன், இன்னொன்றை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 17

பக்கவாட்டு ஒட்டுக்கோடுகளைக் கடுக்காய் காட்டிக் கொடுத்துவிட்டது, பசை சாயம் குடிக்கவில்லை. ஆக, மேல்பக்கம் மட்டும் ரேகையோடு விட்டு, ஓரமும் முதுகும் கெட்டிக் கறுப்பு. ஓரத்திலிருந்து உள்ளே கொஞ்சம் புகை மாதிரி பரவவிட்டால் தொழிற்சாலைக்காரன் செய்த அதே சன்பர்ஸ்ட் தந்திரம். கறுப்பை உரித்துவிட்டுக் கறுப்பே அடிக்கிறாரே என்று எழுதியவரே, வணக்கம்.

மார்ச் 2

லேக்கர். கிட்டார்க்காரர்கள் பயபக்தியோடு நைட்ரோ என்று சொல்வது நம் ஊர் ஃபர்னிச்சர் பட்டறைகளில் நாள்தோறும் அடிக்கிற என்சி லேக்கர்தான். டூகோ என்று கேட்டால் எல்லாப் பெயின்ட் கடையிலும் தருவார்கள். டூபாண்ட் கம்பெனி 1920களில் கார்களுக்குக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டின் பெயர் அது. ஃபெண்டரின் ஃபியஸ்டா ரெட் மாதிரியான நிறங்கள் அந்த டூபாண்ட் கார் பெயின்ட் வரிசையிலிருந்து எடுத்தவைதான். வெளிநாட்டிலிருந்து டப்பா வரவழைக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் என்சி சேண்டிங் சீலர், காய்ந்ததும் 400ல் இழைப்பு, மறுபடி சீலர். அப்புறம் தெளிந்த லேக்கர், பாதிக்குப் பாதி தின்னர் கலந்து மெல்லிய பூச்சுகளாக. ஒவ்வொன்றும் கீழே உள்ளதைக் கரைத்துக்கொண்டு ஒட்டும், ஆகவே நடுவில் உப்புத்தாள் கட்டாயமில்லை. சாயம் கிடந்த சாம்பல் நிறம் சீலர் பட்டதும் ஆழக் கறுப்பாகி ரேகை எழுந்து நின்றது.

கடலோரக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈரப்பதம் ஏறியிருக்கும்போது அடித்தால் பூச்சு பால்போல வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடுகிறது. வெயில் ஏறிய நேரம், பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள் அடிப்பது நல்லது. வெளுத்துவிட்டால் பதற வேண்டாம், மறுநாள் வெயிலில் வெறும் தின்னரை, முடிந்தால் ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்து, மெல்லத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தீ. இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். நைட்ரோசெல்லுலோஸ் வெடிமருந்தின் உறவு. தின்னர் ஆவி தரையோடு ஊர்ந்து போகும். சமையலறைப் பக்கம், இன்வெர்ட்டர் பக்கம், சாமி விளக்கு எரியும் அறை, எங்கேயும் அடிக்கக் கூடாது. இழைத்த தூளையும் வீட்டுக் குப்பைக்கூடையில் கொட்ட வேண்டாம்.

மார்ச் 5

ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பியூ (பாலியூரித்தேன்) அடித்தால் இன்னும் கெட்டியாக நிற்குமே என்கிறார் ஒருவர். நிற்கும். அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் ஆயுளுக்கும் ஆஸ்துமா. வெளிக்காற்று ஊதும் முகக்கவசத்தோடு பட்டறைக்காரர்கள் அடிக்க வேண்டியதை நாம் மாடியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்க வேண்டாம். அவ்வளவு ஆசையென்றால் இழைத்துப் பட்டி பார்த்துக் கார் டிங்கரிங் ஷெட்டில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்ப்ரே வேண்டாம், நாற்றம் வேண்டாம் என்பவர்களுக்கு லின்சீட் எண்ணெய் போதும். துணியால் தேய்த்துத் துடைத்தால் தீர்ந்தது. ஆனால் அந்தத் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

ஏப்ரல் 6

ஒரு மாதமாகச் சும்மா தொங்கவிட்டிருந்தேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இளகல் இருக்கும், சீக்கிரம் தேய்த்தால் பின்னால் ரேகையோடு சேர்ந்து அமுங்கிவிடும். மூக்கை வைத்துப் பார்த்தால் தின்னர் வாசம் வரக் கூடாது.

இன்று 1000 வாட்டர் பேப்பர், 1500, 2000, கடைசியில் கார் ரப்பிங் காம்பவுண்ட். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர். திருகு ஓட்டைகளுக்குள் தண்ணீர் போனால் மரம் வீங்கி ஓட்டையைச் சுற்றிப் பூச்சு வெடிக்கும், மெழுகு திணித்து அடைத்துவிடுங்கள். ஓரங்களில் கை கனத்தால் ஒரு நொடியில் மரம் தெரியும். எந்தப் பேப்பரையும் விளிம்பின்மேல் ஓடவிடாதீர்கள். பாலியெஸ்டர் பளபளப்பு வரவில்லை, வரவும் வேண்டாம். கண்ணாடியாக இல்லாமல் சற்றே மங்கிய மினுக்கம். ஒரு கொசு உள்ளே நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறது.

ஏப்ரல் 13

பூட்டியாயிற்று. பாஸ்வுட்டில் பழைய திருகு ஓட்டைகள் பாதிக்குமேல் வாய் பிளந்துவிட்டன. மூங்கில் பல்குச்சியில் ஃபெவிகால் தோய்த்து நிறைத்து, மறுநாள் மட்டமாக வெட்டிவிட்டுத் திருகினால் புதிதுபோலப் பிடிக்கும். ட்ரெமோலோவின் (கம்பியை அசைத்துச் சுருதியை ஆட்டும் பிரிட்ஜ்) இரண்டு தூண் திருகுகளுக்கு மட்டும் கெட்டியான மர ஆணி அடித்து மறுபடி துளைபோட்டேன், அங்கே கம்பிகளின் முழு இழுப்பும் விழுகிறது.

சவுண்டு மாறியதா என்று எல்லோரும் கேட்பீர்கள் என்று தெரியும். உரிப்பதற்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்தேன். அதே கனத்தில் புதுக் கம்பி, அதே பிக், பிக்கப் உயரம் அளந்து அதே அளவு, அதே ஆம்ப். கண்ணை மூடிக் கேட்டால் எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஊரிலிருந்து வந்த தம்பி, நல்ல காது உள்ளவன், ஒன்றைக் காட்டி இதுதான் புதுசு என்று அடித்துச் சொன்னான். அது பழசு.

மடியில் வைத்து வாசிக்கும்போது முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று தோன்றுவதும் உண்மை. அது ஏனென்றால் வேலையோடு வேலையாக நட்டையும் ஒழுங்காக அராவிவிட்டேன்.

மே 4

கேள்வி கேட்ட தம்பி பெயின்ட்டைத் தொடவில்லை. நட், உயரம், 470கே இல்லாமல் 220கே பாட், 223 கெப்பாசிட்டர், அவ்வளவுதான் செய்திருக்கிறார். பிக்கப்பைக்கூட மாற்றவில்லை, கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் வரை ஏற்றினாராம், போதும் என்கிறார். சரியான ஆள்.

மே 11

ஹெட்ஸ்டாக்கில் கம்பெனிப் பெயரை இழைத்துவிட்டு ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டலாமா, ஆன்லைனில் கிடைக்கிறதே என்று கேட்டவருக்கு: ஒட்டாதீர்கள். நீங்கள் விற்க மாட்டீர்கள், சரி. உங்களிடமிருந்து கைமாறிப் போன மூன்றாவது ஆள் அதை அசல் என்று விற்பான், ஏதோ ஒரு கல்லூரிப் பையன் சேர்த்துவைத்த பணம் போகும். வெறுமையாக விடுங்கள், இல்லையென்றால் உங்கள் பெயரை எழுதுங்கள். எழுத்துக்கு மேலே இரண்டு பூச்சு லேக்கர் போதும், ஆனால் ட்யூனிங் கீ ஓட்டைகளைச் சுற்றி கனமாகக் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாஷர் இறுகும்போது வெடிப்பது அங்கேதான்.